ஐம்பத்தேழு புள்ளிகள்

என் வீட்டுக்காரர் பல் டாக்டர். பல்லைப் பிடுங்கினவனைத் தேடிவந்து யாரும் நன்றி சொல்வதில்லை என்பது அவருடைய நிரந்தரக் குறை. என் தொழிலில் நன்றி சொல்ல நாம் தயாராக இருந்தாலும் யாருக்குச் சொல்வது என்று தெரியாது என்பது என் குறை. இந்த இரண்டு குறைகளையும் வைத்துக்கொண்டு பல வருஷமாக ஒரே வீட்டில் பெரிய சண்டை இல்லாமல் காலம் தள்ளுகிறோம்.

நான் பச்சிளங்குழந்தைகளின் சிறுநீரகத்தை ஆராய்கிற டாக்டர். எங்கள் தொழிலில் ஒரு கட்டுரை எழுதி ஆய்விதழுக்கு அனுப்பினால் உடனே அச்சடித்துவிட மாட்டார்கள். அதே துறையில் இருக்கும் இரண்டு பேரிடம் கொடுத்துக் கருத்துக் கேட்பார்கள். நாம் யார் என்று அந்த இரண்டு பேருக்கும் தெரியும். அவர்கள் யார் என்று நமக்குக் கடைசிவரை சொல்ல மாட்டார்கள். முதலாம் மதிப்பீட்டாளர், இரண்டாம் மதிப்பீட்டாளர், அவ்வளவுதான். முதலாமவர் பொதுவாக நல்ல மனுஷர், நாலு எழுத்துப்பிழையைச் சுட்டிக்காட்டி வாழ்த்திவிட்டுப் போவார். வயிற்றில் புளியைக் கரைப்பவர் எப்போதும் இரண்டாமவர்தான். எங்கள் ஆட்கள் எங்கே கூடினாலும் அவரைத் திட்டித்தான் பேச்சை ஆரம்பிப்பார்கள்.

எட்டு வருஷத்துக்கு முன்னால் நான் ஒரு கட்டுரை அனுப்பினேன். பிறந்ததும் அழாமல், மூச்சு விடாமல் கிடந்து, டாக்டர்கள் போராடி மீட்டெடுத்த குழந்தைகளைப் பற்றியது. அப்படி மீண்ட குழந்தைகளில் சிலருக்குச் சிறுநீரகம் கெட்டுப்போகும். இரத்தத்தில் அது தெரியவரும்போது காலம் கடந்திருக்கும். சிறுநீரில் இருக்கும் ஒரு புரதத்தை அளந்தால் முன்கூட்டியே தெரியுமா என்று பார்த்தோம். டயப்பருக்குள் பஞ்சை வைத்து, அது நனைந்ததும் எடுத்து, சிரிஞ்சுக்குள் போட்டுப் பிழிந்து சேர்க்கிற வேலை. ஒரு குழந்தைக்குப் பஞ்சு வைத்துவிட்டுத் தவம் கிடப்போம், அது வேறு எதையாவது செய்து வைக்கும். அறுபது குழந்தைகளிடம் சேர்த்தோம். கடைசியில் கணக்குப் போட்டால் அந்தப் புரதத்துக்கும் சிறுநீரகத்துக்கும் சம்பந்தமே இல்லை என்று வந்தது. மனசு விட்டுப்போய், குழந்தைக்கு ஒரு புள்ளியாகப் படமும் வரைந்து, அதையே எழுதி அனுப்பினேன்.

இரண்டாம் ஆளிடமிருந்து பதில் வந்தது. மற்றவர்களைப் போல நீட்டி முழக்கவில்லை. "கட்டுரையில் அறுபது குழந்தைகள் என்று இருக்கிறது. படத்தில் உள்ள புள்ளிகளை எண்ணினேன். இரண்டு முறை எண்ணினேன். ஐம்பத்தேழுதான் இருக்கின்றன. அந்த மூன்று குழந்தைகள் எங்கே?"

எனக்கு வந்த கோபத்தில் வீடு ரெண்டுபட்டது. வேலைவெட்டி இல்லாதவன், புள்ளியை எண்ணிக்கொண்டிருக்கிறான் பார் என்று கத்தினேன். வீட்டுக்காரர் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார்.

"நீ எண்ணிப் பாத்தியா?" என்றார்.

"நான் எதுக்கு எண்ணணும்? என் பேப்பர் எனக்குத் தெரியாதா?"

"தெரியும்தான். சும்மா எண்ணிப் பாரேன்."

பேனா முனையை வைத்து ஒவ்வொன்றாக எண்ணினேன். ஐம்பத்தேழு. அவரையும் கூப்பிட்டு எண்ணச் சொன்னேன். வெங்காயக் கண்ணீரோடு அவரும் ஐம்பத்தேழு என்றார்.

விஷயம் இதுதான். எங்கள் அளவுக் கருவிக்கு ஒரு உச்சவரம்பு உண்டு. அதற்கு மேல் போனால் எண்ணைக் காட்டாது, ஒரு சின்னக் கோடு போட்டுவிடும். அந்தக் கோட்டைக் கம்ப்யூட்டர் காலி இடம் என்று எடுத்துக்கொண்டு, அந்தக் குழந்தையையே கணக்கிலிருந்து தள்ளிவிட்டது. எடை பார்க்கிற மெஷினில் ஒரு கனத்த ஆள் ஏறி, முள் கடைசிவரை போய் முட்டி நின்றதும், இங்கே யாருமே ஏறவில்லை என்று எழுதிக்கொண்ட மாதிரி. ஃபிரீசரில் அந்த மூன்று குழந்தைகளின் மாதிரி மிச்சம் இருந்தது. நீர்த்துப்போகச் செய்து மறுபடியும் அளந்தோம். அறுபதிலேயே அந்த மூன்றில்தான் புரதம் எக்கச்சக்கம். பிறகு சிறுநீரகம் நின்றுபோனதும் அதே மூன்று குழந்தைகளுக்குத்தான்.

நாங்கள் தேடின பதில் முழுக்க நாங்கள் தொலைத்த மூன்று புள்ளிகளில் இருந்தது.

முடிவை அப்படியே புரட்டிப்போட்டு, கட்டுரையைப் புதிதாக எழுதினேன். வேறு ஆஸ்பத்திரிகளில் செய்து பார்த்தார்கள், சரியாக வந்தது. இன்று பல வார்டுகளில் அந்தச் சோதனை வழக்கமான வேலை. ஒரு கட்டுரையை இன்னொருவர் தன் கட்டுரையில் எடுத்துக்காட்டினால் எங்களுக்கு அது ஒரு மேற்கோள். எங்களை எடைபோடுவதே அந்த எண்ணிக்கையை வைத்துத்தான். என் பேரில் இருக்கிற மேற்கோள்களில் பெரும்பங்கு அந்த ஒரே கட்டுரைக்கு வந்தது. எனக்குப் பதவி உயர்வு வந்தது அதனால். தனி ஆய்வகம் கிடைத்தது அதனால். தெரியாத ஒருவர் புள்ளியை எண்ணினதால் என் வாழ்க்கை ஒரு நிலைக்கு வந்தது.

யார் அந்த மகராசன் என்று கண்டுபிடிப்பது கஷ்டமாக இருக்கவில்லை. அந்தக் கருத்தின் கடைசியில் இரண்டு வரி ஒட்டியிருந்தது. இன்னின்ன இரண்டு கட்டுரைகளையும் மேற்கோள் காட்டினால் நன்றாக இருக்கும் என்று. இரண்டும் ஒரு பெரிய பேராசிரியர் எழுதியவை. எங்கள் தொழிலில் இது கைரேகையை விட்டுவிட்டுப் போவதற்குச் சமம். அவர் கட்டுரையை அவரைத் தவிர வேறு யார் அப்படிச் சிபாரிசு செய்வார்கள்? அடுத்த மாநாட்டில் டீ வரிசையில் அவரைப் பிடித்தேன். "சார், அந்த மூணு குழந்தைங்க கேள்விக்கு ரொம்ப நன்றி" என்றேன். அவர் பிஸ்கட்டை நனைத்தபடி, "அட, அதெல்லாம் நம்ம கடமைதானேம்மா" என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அன்று முதல் எங்கே பேசினாலும் திரையில் காட்டுகிற முதல் படத்தில் அவருக்கு நன்றி சொல்லிவிட்டுத்தான் ஆரம்பிப்பேன்.

இது பழைய கதை. இனி இந்த வருஷத்துக்கு வருகிறேன்.

ஆஸ்பத்திரியோடு சேர்ந்த எங்கள் ஆராய்ச்சி நிலையத்தில் மூன்றாம் மாடியில் ஒரு பெண் இருக்கிறாள். புள்ளிவிவர ஆய்வாளர். எல்லோரும் அவளைக் கணக்கு டீச்சர் என்று கூப்பிடுவோம். முப்பத்தைந்து வயது இருக்கும். நாலு வருஷமாகத் தற்காலிக வேலை. மாணவர்கள் தங்கள் கணக்கைத் தூக்கிக்கொண்டு அவள் அறைக்குப் போவார்கள், போனதைவிட வாடின முகத்தோடு திரும்பி வருவார்கள். பிறகு ஒரு மாதம் கழித்து நல்ல கட்டுரை எழுதுவார்கள். அதில் அவள் பேர் ஐந்தாவதாகவோ ஆறாவதாகவோ இருக்கும், பல நேரம் இருக்கவே இருக்காது.

அவளை நிரந்தரமாக்கலாமா வேண்டாமா என்று தீர்மானிக்க மூன்று பேர் கமிட்டி. தலைவர், குழந்தைகள் பிரிவின் சர்ஜன், நான். தலைவருக்கு எண்ணிக்கை என்றால் உயிர். பத்துக் கட்டுரைகள் ஒவ்வொன்றும் பத்து முறையாவது மேற்கோள் காட்டப்பட்டிருந்தால் உங்கள் எண் பத்து, இருபது என்றால் இருபது. இந்த ஒற்றை எண்ணை வைத்து அவர் மனுஷர்களை ஞாபகம் வைத்துக்கொள்வார். கணக்கு டீச்சரின் எண் அவர் கேட்கிற அளவில் பாதிகூட இல்லை. கமிட்டி வேண்டாம் என்று சொல்லிவிட்டால் மாதக் கடைசியோடு அவள் அறையைக் காலி செய்ய வேண்டும். இரண்டாவது வாய்ப்பு கிடையாது என்பது எங்கள் விதி. அவளுடைய அம்மாவும் அவளோடுதான் இருக்கிறார், இருவருக்கும் அவள் சம்பளம் ஒன்றுதான்.

சும்மா சொல்லக்கூடாது, நானும் வேண்டாம் என்ற முடிவோடுதான் கூட்டத்துக்குப் போனேன். நல்ல பெண்தான், ஆனால் இத்தனை வருஷத்தில் தன் பேரில் ஒரு பெரிய கட்டுரை இல்லையே, தனக்கென்று ஒரு கேள்வி இல்லாதவள் ஆராய்ச்சியில் என்ன செய்யப்போகிறாள் என்று நினைத்தேன். சர்ஜன் மட்டும், "எனக்கு அந்தப் பொண்ணு வேணும். ஆனா நம்பரைப் பாத்தா எனக்கே வாய் வரமாட்டேங்குது" என்று முனகிக்கொண்டிருந்தார்.

கணக்கு டீச்சர் உள்ளே வந்து உட்கார்ந்தாள். தண்ணீர் பாட்டில் மூடியைத் திறந்து, குடிக்காமல் மறுபடி மூடினாள். தலைவர் சுவரில் ஒரு படத்தைப் போட்டார். நிலையத்தில் இருக்கும் நாற்பத்திரண்டு விஞ்ஞானிகளும் அதில் ஆளுக்கொரு புள்ளி. உயரமான புள்ளி என்றால் நிறைய மேற்கோள். கீழே ஓரமாக ஒரு புள்ளிக்குச் சிவப்பு அடித்திருந்தார்.

"அந்தச் சிவப்புதான் நீங்க" என்றார் தலைவர். குரலில் கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. டாக்டர் எக்ஸ்ரே காட்டுகிற மாதிரிதான் காட்டினார். "இதைப் பாத்து என்ன சொல்றீங்க?"

அவள் படத்தைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். உதடு லேசாக அசைந்தது. பாவம், அழப்போகிறாள் என்று நினைத்து நான் மேஜையிலிருந்த காகிதக் கைக்குட்டைப் பெட்டியைக் கொஞ்சம் அவள் பக்கம் நகர்த்தினேன்.

"சார், நாப்பத்திரண்டு பேருன்னு எழுதியிருக்கு" என்றாள். "நான் எண்ணினேன். ரெண்டு தடவை எண்ணினேன். நாப்பத்தியொண்ணுதான் இருக்கு. மீதி ஒருத்தர் எங்க?"

என் கை பெட்டியின் மேலேயே நின்றுவிட்டது.

தலைவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு எழுந்துபோய்ச் சுவருக்குப் பக்கத்தில் நின்று எண்ண ஆரம்பித்தார். சர்ஜன் உட்கார்ந்த இடத்திலிருந்தே விரலால் எண்ணினார். இருவரும் ஒருவரை ஒருவர் குழப்பிவிட்டு, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார்கள்.

"நாப்பத்தியொண்ணுதான்" என்றார் சர்ஜன்.

"யாரையோ விட்டுட்டாங்க" என்றார் தலைவர். "யாரைன்னு தெரியலையே."

"படத்தோட உயரத்தைப் பாருங்க சார்" என்றாள் அவள். "பக்கத்துல அளவு ஒரு இடத்தோட நின்னுடுது. அதுக்கு மேல மேற்கோள் இருக்கறவங்க யாராவது இருந்தா, அவங்க புள்ளி படத்துக்குள்ள வராது. விழுந்துடும்."

அதற்கு மேல் இருப்பது யார் என்று மூன்று பேருக்கும் தெரியும். சர்ஜன் என்னைப் பார்த்துச் சிரித்தார். "மேடம், உங்களையே காணோம்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. தலைவர் பத்து நிமிஷம் டீ இடைவேளை என்றார். நான் அவளுடைய விண்ணப்பத்தைத் திருப்பினேன். முனைவர் பட்டம் எங்கே, யாரிடம் என்ற வரிக்கு வந்தேன். அதே பெரிய பேராசிரியரின் ஆய்வகம். நான் கட்டுரை அனுப்பிய வருஷத்தில் அவள் அங்கே மாணவி.

எங்கள் தொழிலில் இன்னொரு வழக்கம் உண்டு. வெளியே பேச மாட்டோம், ஆனால் எல்லோருக்கும் தெரியும். பெரிய ஆட்களிடம் மதிப்பீட்டுக்குக் கட்டுரை வந்தால் அவர்களுக்குப் படிக்க நேரம் இருக்காது. மாணவனிடம் தள்ளிவிடுவார்கள். மாணவன் ராப்பகலாகப் படித்து எழுதிக் கொடுப்பான், பெரியவர் தன் பேரில் அனுப்பிவிடுவார். அந்த மாணவனின் பேர் ஆய்விதழுக்கே தெரியாது. நானும் மாணவியாக இருந்தபோது மாங்கு மாங்கென்று இப்படி எழுதிக் கொடுத்தவள்தான். அப்படியிருந்தும் எட்டு வருஷமாக இது எனக்குத் தோன்றவே இல்லை.

தாழ்வாரத்தில் தண்ணீர் மெஷினுக்குப் பக்கத்தில் அவள் நின்றுகொண்டிருந்தாள்.

"ஒண்ணு கேக்கணும்மா" என்றேன். "எட்டு வருஷத்துக்கு முன்னாடி, பொறந்த குழந்தைங்க யூரின் பத்தி ஒரு பேப்பர். மூணு குழந்தைங்க எங்கன்னு ஒரு ரிவியூ வந்துச்சு. அதை எழுதினது நீங்களா?"

அவள் முகம் மாறியது. டம்ளரைக் கீழே வைத்தாள்.

"மேடம், ரிவியூவைப் பத்தி வெளிய பேசக்கூடாது. அது ரகசியம். நான் எழுதினேன்னும் சொல்ல மாட்டேன், எழுதலைன்னும் சொல்ல மாட்டேன்."

"உங்க வேலையே இதுல இருக்கு. தெரியுதில்ல?"

"தெரியுது மேடம். அதுக்காக விதியை மாத்த முடியாதே."

எனக்கு அவள்மேல் எரிச்சலும் வந்தது, அவளைக் கட்டிக்கொள்ளலாம் போலவும் இருந்தது. திரும்பி நடந்தேன். நாலு அடி போயிருப்பேன்.

"மேடம்" என்று கூப்பிட்டாள். தயங்கித் தயங்கிக் கேட்டாள். "அந்த மூணு குழந்தைங்களும் இப்ப எப்படி இருக்காங்க? பேப்பர்ல முதல் மாசம் வரைக்கும்தான் இருக்கு. அதுக்கப்புறம் எங்கயும் நீங்க எழுதல. நான் தேடிக்கிட்டே இருந்தேன்."

எத்தனை மாநாடு, எத்தனை பேச்சு. அந்தச் சோதனை எத்தனை சதவீதம் சரி, என்ன விலை, எந்தக் கருவி என்று உலகமே என்னைக் கேட்டிருக்கிறது. இதை ஒருவரும் கேட்டதில்லை.

"ஒரு பையன் போயிட்டான்ம்மா" என்றேன். "முதல் மாசம் முடிஞ்சு கொஞ்ச நாள்ல. மத்த ரெண்டு பேரும் ஸ்கூல் போறாங்க. ஒரு பொண்ணு வருஷா வருஷம் என்கிட்டதான் செக்கப் வரா. போன தடவை முன்பல் ரெண்டும் இல்லாம வந்தா."

அவள் தலையை ஆட்டினாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சரி மேடம்" என்று மட்டும் சொன்னாள்.

உள்ளே போய் உட்கார்ந்தேன். என் முன்னால் இரண்டு வழி இருந்தது. வாயைத் திறக்காமல் அவளுக்குச் சாதகமாக ஓட்டுப் போடலாம். சர்ஜன் பாதி மனசோடு இருக்கிறார், கொஞ்சம் தள்ளினால் இந்தப் பக்கம் வந்துவிடுவார். இரண்டுக்கு ஒன்று, காரியம் முடிந்தது. விஷயத்தைச் சொன்னால், கடன்பட்டவள் தீர்ப்புச் சொல்லக்கூடாது என்று என்னை வெளியே அனுப்பிவிடுவார்கள், அதுதான் முறையும்கூட. மிச்சம் தலைவரும் சர்ஜனும். சரிக்குச் சரி வந்தால் தலைவர் சொன்னதுதான் முடிவு. நான் நன்றி சொல்லப்போய் அவள் வேலைக்கே உலை வைத்துவிடலாம்.

ஆனால் வாயை மூடிக்கொண்டால் அவள் யார் என்று கடைசிவரை ஒருவருக்கும் தெரியாது. பரிதாபப்பட்டு உள்ளே விட்டோம் என்றுதான் பேசிக்கொள்வார்கள். எட்டு வருஷம் தப்பான ஆளுக்கு ஊர் ஊராக நன்றி சொன்னவள் நான். சரியான ஆள் எதிரே வந்து நிற்கும்போது மட்டும் வாயடைத்துப்போவதா என்று இருந்தது.

"சார், நான் இந்தக் கமிட்டியில இருக்கக்கூடாது" என்றேன். "ஏன்னு சொல்லிட்டு வெளிய போயிடறேன்."

எல்லாவற்றையும் சொன்னேன். ஐம்பத்தேழு புள்ளியிலிருந்து டீ வரிசை பிஸ்கட் வரை. "உங்க படத்துல என் புள்ளி மேல போய் விழுந்திருக்கு பாருங்க. அதை அவ்வளவு உயரத்துக்குத் தூக்கினது, கீழ சிவப்பு அடிச்சு வச்சிருக்கீங்களே, அந்தப் புள்ளி."

தலைவர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். "ஆதாரம்?" என்றார்.

"அவங்க சொல்ல மாட்டேங்கறாங்க. ரகசியம்னு சொல்லிட்டாங்க."

"அப்ப இது உங்க ஊகம்தான்."

"ஊகம்தான் சார்."

தலைவர் லேசில் விடுகிற ஆள் இல்லை. பெரிய பேராசிரியர் அவருக்குப் பழைய பழக்கம். அப்போதே போனை எடுத்து ஒலிபெருக்கியில் போட்டார். நலம் விசாரித்துவிட்டு, வருஷத்தையும் கட்டுரைத் தலைப்பையும் சொன்னார்.

"அதுவா" என்றது பேராசிரியரின் குரல். அவர் எதையோ சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "அது நான் பண்ணலைப்பா. என்கிட்ட ஒரு பொண்ணு இருந்தா, அவகிட்ட குடுத்தேன். எப்பப் பாத்தாலும் எதையாவது எண்ணிக்கிட்டே இருப்பா. கடைசி ரெண்டு வரி மட்டும் நான் சேத்தேன். அது முக்கியமான வரி."

சர்ஜன் வாயைப் பொத்திக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டார்.

"அந்தப் பேப்பர் எழுதினவங்க உங்ககிட்ட வந்து நன்றி சொன்னாங்களாமே" என்றார் தலைவர்.

"நெறைய பேர் சொல்வாங்கப்பா. எதுக்குன்னு எல்லாம் நான் கேக்கறதில்ல."

கோபப்பட நினைத்தேன், முடியவில்லை. அந்த மனுஷர் அந்தக் கட்டுரையை அவளிடம் தள்ளிவிடாமல் தானே படித்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? புள்ளியை எண்ணியிருக்கவே மாட்டார். அவருடைய சோம்பேறித்தனத்துக்கும் சேர்த்துத்தான் நான் நன்றி சொல்ல வேண்டும் போலிருக்கிறது. தலைவர் போனை வைத்ததும் நான் என் காகிதங்களை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

தாழ்வாரப் பெஞ்சில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். உள்ளே என்ன சொன்னேன் என்று சொன்னேன். என் ஓட்டு போய்விட்டது என்றும் சொன்னேன்.

"எதுக்கு மேடம் சொன்னீங்க?" என்றாள். கோபமாகத்தான் கேட்டாள். "நீங்க உள்ள இருந்திருந்தா..."

"தெரியும். கணக்குத் தெரியாமலா வெளிய வந்தேன்."

கதவுக்குப் பின்னால் தலைவரின் குரல் மட்டும் கேட்டது, வார்த்தை புரியவில்லை. என் சொந்தப் பதவி உயர்வுக்குக்கூட நான் இப்படிக் காத்திருந்ததில்லை. அவள் எதிர்ச் சுவரில் பதித்திருந்த ஓடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். உதடு அசைந்தது. எண்ணுகிறாள் என்று தெரிந்ததும், எத்தனை என்று கேட்டேன். "ஒண்ணு உடைஞ்சிருக்கு, அதைச் சேக்கலாமா வேணாமான்னு யோசிக்கறேன்" என்றாள்.

கடைசியில் கதவைத் திறந்துகொண்டு சர்ஜன் வந்தார். முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டிருந்தார்.

"உள்ள போங்க" என்றார் அவளிடம். "தலைவர் படத்தைத் திருத்தணுமாம். அளவை எவ்வளவு உயரம் வைக்கணும்னு தெரியலையாம். இனி வருஷா வருஷம் நீங்கதான் அதைப் போட்டுக் குடுக்கணுமாம்."

"இனின்னா?" என்றாள் அவள்.

"இனின்னா இனிதான்மா. ரிட்டயர் ஆகறவரைக்கும்."

அவள் எழுந்தாள், மறுபடி உட்கார்ந்தாள், மறுபடி எழுந்து உள்ளே போனாள். தண்ணீர் பாட்டிலை மறந்துவிட்டாள். நான் அதை எடுத்துக்கொண்டு பின்னால் ஓடினேன். தலைவர் எப்படி மனசு மாறினார் என்று பிறகு சர்ஜனைக் கேட்டேன். "என் வார்டுல அந்தச் சோதனை பண்ணிப் பொழைச்ச குழந்தைங்களை எந்தப் புள்ளியில சேப்பீங்கன்னு கேட்டேன். அவருக்குப் பதில் தெரியல. பதில் தெரியலைன்னா ஒத்துக்கற மனுஷன், அதைச் சொல்லணும்" என்றார்.

அன்று வீட்டுக்கு வந்து சொன்னதும் வீட்டுக்காரர் முதலில் கேட்டது, "அப்ப எட்டு வருஷமா அந்த பிஸ்கட்காரருக்குச் சொன்ன நன்றி எல்லாம்?" என்றுதான். திருப்பி வாங்க முடியாது என்றேன். பல் டாக்டருக்கு வராத நன்றியில் கொஞ்சம் அவருக்குப் போனதாக வைத்துக்கொள்ளலாம் என்றார்.

கட்டுரையின் கடைசியில் அவளுக்கு ஒரு நன்றி வரி சேர்க்க முடியுமா என்று ஆய்விதழுக்கு எழுதிக் கேட்டேன். எட்டு வருஷத்துக்கு முந்தின கட்டுரையில் நன்றி வரியைத் திருத்துகிற வழக்கம் இல்லை என்றார்கள். நான் விடாக்கண்டி. அவள் பேரைப் போட முதலில் அவளிடமும், பிறகு அந்தப் பேராசிரியரிடமும் சம்மதம் வாங்கி, நச்சரித்து நச்சரித்து ஒரே ஒரு வாக்கியத்தை அச்சேற்றினேன். அதை அவளிடம் கொண்டுபோய்க் காட்டினேன்.

"இதுக்கு மேற்கோள் கணக்கு கிடையாது மேடம்" என்றாள். "என் நம்பர் ஒண்ணுகூட ஏறாது."

"ஏறாதுன்னு தெரியும்."

"சும்மா சொன்னேன்" என்று அந்தத் தாளை வாங்கி, மடிக்காமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

போன வாரம் அந்தப் பெண்குழந்தை வருஷ செக்கப்புக்கு வந்தாள். அவளுடைய அம்மாவிடம் அனுமதி கேட்டுவிட்டு, மூன்றாம் மாடிக்குப் போன் பண்ணிக் கணக்கு டீச்சரை வரச் சொன்னேன். எதற்கு என்று சொல்லவில்லை. கையில் ஏதோ கணக்குத் தாளோடு வந்தவள், அறை வாசலிலேயே நின்றுவிட்டாள். குழந்தை பரிசோதனைக் கட்டிலில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தாள். முன்பல் இரண்டும் முளைத்துவிட்டன, வாய்க்குக் கொஞ்சம் பெரிதாக.

"அந்த மூணுல ஒண்ணா?" என்றாள் அவள் என்னிடம், மெதுவாக.

ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

குழந்தை எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். "இந்த ஆன்ட்டி யாரு? ஊசி போடவா வந்திருக்காங்க?"

"இல்லடா கண்ணு" என்றேன். "நீ கைக்குழந்தையா இருக்கும்போது, எங்க கணக்குலேர்ந்து நீ தொலைஞ்சு போயிட்டே. எங்க யாருக்கும் அது தெரியவே இல்ல. நீ எங்கன்னு கேட்டது இவங்க மட்டும்தான்."

குழந்தை அதைக் கொஞ்சம் யோசித்தாள். பிறகு, பெரியவர்கள் எதையாவது கண்ணெதிரில் வைத்துக்கொண்டே தேடும்போது சொல்கிற மாதிரி, அலுத்துக்கொண்டு சொன்னாள்.

"நான் எங்கயும் போகலையே. இங்கதான் இருந்தேன்."

கணக்கு டீச்சர் பக்கத்தில் வந்து கட்டிலில் உட்கார்ந்தாள். குழந்தையின் கையை எடுத்துத் தன் கையில் வைத்துக்கொண்டு, கட்டைவிரலிலிருந்து ஒவ்வொரு விரலாகத் தொட்டு எண்ண ஆரம்பித்தாள். முடித்துவிட்டு, இரண்டாம் தடவையும் எண்ணினாள்.